இடது காலுக்கு மட்டும்

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. வீட்டில் மிக்ஸி ஓடினால் மாடிக்குப் போய்விடுவேன். மற்றபடி யார் வம்புக்கும் போகாதவன். விசாரணை அறிக்கையில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஷூ தொழிற்சாலையில் எனக்குக் கணினி வேலை வாங்கிக் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன். பெட்டியில் ஷூ வைக்கும் இயந்திரத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதியவரும் அவர்தான். ஸ்கிரிப்ட் என்றால் பெரிய வித்தையில்லை. கணினி ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்யும் வேலைப் பட்டியல். பெட்டிக்கு ஒருமுறை ஓடும். இடது ஷூவை வை. பரிசோதகரைக் கூப்பிடு. வலது ஷூவை வை. மூடி போடுவது வேறொரு இயந்திரம். உள்ளே எட்டிப் பார்க்கும் பழக்கம் அதற்கில்லை.

பரிசோதகர் என்பதும் ஆளில்லை, மச்சான் எழுதிய இன்னொரு புரோகிராம். சரியான வாயாடி. தையல் பிசகு, பசைக் கறை, நாடா நீளம் என்று எதைக் கண்டாலும் என் கணினியில் 'டிங்' என்று அடித்துப் புகார் எழுதும். ஒரு நாளைக்கு நானூறு டிங். மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அது கத்துறது நல்லதுக்குத்தான் மாப்ள. கத்தலன்னாதான் பயப்படணும்," என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, புகார்கள் போகும் வழியை மட்டும் திருப்பிவிட்டேன். கணினிக்குள் 'நல்' என்று ஓர் இடம் உண்டு. அடியில்லாத குப்பைத்தொட்டி, எவ்வளவு கொட்டினாலும் நிறையாது, போட்டது திரும்பியும் வராது. ஓர் அம்புக்குறி போட்டு அதன் பெயரை எழுதினால் வேலை முடிந்தது. அன்றுதான் இந்தக் கட்டடத்தில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. கண் கலங்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கேட்க நாதியில்லாமல் ஒருவர் கத்திக்கொண்டிருப்பது பாவமாக இருந்தது. புதனன்று பரிசோதகரை எடுத்துவிட்டு, 'எல்லாம் சரி' என்று மட்டும் சொல்லும் சின்னப் புரோகிராமை அங்கே வைத்தேன். அதற்கு முன்னால் 'எக்ஸெக்' என்ற சொல்லையும் சேர்த்தேன். அந்தச் சொல் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் எழுந்து தன் நாற்காலியையே புதியவருக்குக் கொடுத்துவிடும். எழுந்தவர் திரும்பி வரமாட்டார், மிச்ச வரிகள் ஓடாது. எங்கள் தொழிலில் இது கத்துக்குட்டிக்கும் தெரியும். மிச்சமிருந்தது ஒரே வரி, வலது ஷூ.

பதினோரு நாளில் ஆறாயிரத்துச் சொச்சம் பெட்டிகள் வெளியே போயின. ஒவ்வொன்றிலும் ஓர் இடது ஷூ. ஒரு பள்ளியின் ஓட்டப்பந்தயக் குழு நொண்டியடித்தே மூன்றாவதாக வந்ததாகக் கேள்வி. கடைக்காரர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதற்கும் டிங் உண்டு என்பதால் அதே தொட்டிக்குத் திருப்பினேன். பழகிவிட்டால் கை தானாகப் போகிறது.

கிடங்கில் வலது ஷூக்கள் கூரை வரை குவிந்தன. நடுவே ஓர் ஆள் படுக்க இடம் செய்துகொண்டேன். ரப்பர் அடிப்பாகம் சத்தத்தை எப்படி உறிஞ்சுகிறது என்பது படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலாளி தன் பேரனுக்கு ஒரு ஜோடி எடுத்துப்போன அன்று விஷயம் வெளியே வந்தது. ஸ்கிரிப்டின் தலையில் மச்சான் பெயர் இருந்தது. யார் திருத்தியது என்ற குறிப்பை நான் ஏற்கெனவே தொட்டிக்கு அனுப்பியிருந்தேன். அவருக்கு வேலை போயிற்று.

"மாப்ள, நீ ஏதாவது கை வச்சியா?" என்று கேட்டார்.

"நான் எதுக்கு மச்சான் அதத் தொடப்போறேன்," என்றேன்.

அதன்பின் அவர் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். "எந்த வரியில தப்பு பண்ணேன் மாப்ள?" என்று விடிந்ததிலிருந்து புலம்பல். மாடிக்குப் போனால் மாடிக்கும் வருகிறார். அவரைத் திருப்பிவிட அம்புக்குறி இல்லை.

"எங்கண்ணன் ரெண்டு நாளா சாப்பிடல. உங்களுக்கு மட்டும் எப்படிங்க பசிக்குது?" என்கிறாள் மனைவி.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். மறதியில்லை, அடுத்த வரியைப் படித்துவிட்டுத்தான் அந்த 'எக்ஸெக்'கைச் சேர்த்தேன். வலது ஷூவை எடுக்கும் இயந்திரக் கை கிறீச்சிடும், ஐயா. மச்சானை நாளைக்கே வேலைக்குக் கூப்பிடுங்கள். எட்டு மணிக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது.

உறுத்தவில்லையா என்று கேட்கிறீர்கள். நேற்று அவர் குளிக்கப் போன நேரத்தில் மாடியில் தனியாக உட்கார்ந்து, மனசாட்சி என்ன சொல்கிறது என்று காதுகொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் சரி.