ஓட்டுநர் இருக்கையும் ஒரு வயிற்று வலியும்

ஒற்றை விசில் ஊதினால் நில், இரட்டை விசில் ஊதினால் புறப்படு என்று ஊரையே பழக்கிய முன்னாள் நடத்துநரும், அதே விசிலோடு இன்று என்னைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவியுமான அம்மா அவர்களே! பணிமனையின் மூத்த பெருமக்களே! சக்கரம் சுழற்றும் சகோதரிகளே! அவர்களைப் பெற்ற பெருமைமிகு தாய்மார்களே! வணக்கம். ஒரு மருத்துவரை அழைத்துச் சுருக்கமாகப் பேசச் சொல்கிறீர்கள். மருந்துச் சீட்டைத் தவிர வேறெதையும் நான் சுருக்கியதில்லை!

ஒரு மருமகள். பேருந்து ஓட்டுநர். மாதவிடாய் வந்தால் கியர் போடும் கை வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அலுவலக மேசைக்கு மாற்றல் கேட்கப்போவதாக என்னிடம் வந்து சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

கூட வந்த மாமியார் முந்திக்கொண்டார். "ரத்தமெல்லாம் பார்த்தாச்சு டாக்டரம்மா, ஒண்ணுமே இல்ல. எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே? எனக்கு வராத வலியா?"

எந்த மாமியார் என்று கேட்காதீர்கள். ஐயோ, ஏன் எல்லோரும் மேடையையே பார்க்கிறீர்கள்?

அன்பர்களே, நான் சந்தேகித்த நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்பூச்சைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே போய்க் குடியேறிவிடுகிறது. அதை விழுங்கித் தீர்க்க வேண்டியவை எவை? நம் நோயெதிர்ப்பு அணுக்கள். அவை செய்வதென்ன? விரட்ட வந்தவை விருந்து வைக்கின்றன! அழற்சியை மூட்டி, அந்தத் திசுவுக்குப் புது இரத்தக் குழாய் முளைக்கவும் நரம்பு வளரவும் வழிவிடுகின்றன. வேலியே பயிரை மேய்கிறது, ஐயா!

இரத்தத்தில் தெரியாதா என்கிறார் முன்வரிசை அண்ணன். சிலருக்கு அழற்சிக் குறியீடுகள் ஏறும். பலருக்கு ஏறவே ஏறாது. அடுப்பில் பால் பொங்குவது தெருவுக்குத் தெரியுமா? பரிசோதனைத் தாள் பேசவில்லை என்பதற்காக வலி பொய்யாகிவிடுமா?

இதைக் கேட்ட மாமியார் மெல்லக் கேட்டார்.

"எனக்கும் மொதல்ல டிரைவர் வேலைதான் கெடச்சுது. மாசாமாசம் சுருண்டு படுத்தேன். நமக்கு ஒத்துவராதுன்னு நானே டிக்கெட் கிழிக்கப் போயிட்டேன். அப்போ எனக்கும் இதுதானா?"

"இருந்திருக்கலாம்மா" என்றேன்.

அவர் மருமகளின் கையைப் பிடித்தார். "நீ எறங்காதடி. நான் எறங்குனது போதும்."

சோதனையில் நோய் உறுதியானது, சிகிச்சை நடந்தது. வலி அடியோடு போய்விட்டது என்று புளுக மாட்டேன், குறைந்திருக்கிறது. இன்று என்னை இங்கே ஏற்றி வந்த பேருந்தை ஓட்டியது அந்த மருமகள்தான்!

தாய்மார்களே, மகள் வலிக்கிறது என்றால் நம்புங்கள். மருமகள் சொன்னாலும் நம்புங்கள். "எல்லாருக்கும் வர்றதுதான்" என்ற பேச்சை இந்த நிறுத்தத்திலேயே இறக்கிவிடுங்கள்!

இதை மேடையில் சொல்லச் சொன்னவரே அந்த மாமியார்தான். அதோ, தலைவி விசிலை எடுத்துவிட்டார். என்னை நிறுத்தத்தான் போகிறார். இல்லையே! கடைசி வரிசையில் நிற்கும் காக்கிச் சட்டைக்காரியைப் பார்த்தல்லவா ஊதுகிறார்?

கேட்டீர்களா? இரட்டை விசில்!

வழிவிட்டுக் கேட்ட அனைவருக்கும் என் நன்றி. வணக்கம்.