ஜிலேபி மீனுக்குக் குளிர் ஆகாது

மார்கழியில் ஜிலேபி மீனுக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும், ஐயா. குளிரில் செரிக்காது. தின்னாத தீனி அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். விடியற்காலையில் கொஞ்சம் போர் தண்ணீர் விட்டால், மந்தமாகக் கிடக்கிற மீன்கூட வாலை ஆட்டும். பூமிக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக வருகிற தண்ணீர் அல்லவா.

ஆம்பூருக்கு வெளியே எங்கள் தோல் கம்பெனியில் அதுதான் என் வேலை. தோல் கழுவிய கழிவுநீர் மூடிய தொட்டியில் தங்கி, சுத்தமாகி, கடைசியில் மீன் குளத்துக்கு வரும். அதிகாரிகளுக்குக் காட்டத்தான் அந்த மீன்கள். ஆனால் தொட்டிக்குள் சேறு அள்ள இறங்குகிறவர்களும் முதலில் குளத்தைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். மீன் நீந்தினால் தொட்டியில் விஷக்காற்று இல்லையாம். மேனேஜர் கோதண்டபாணி சொல்லி வைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகன் வசந்த் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான். இருபத்து மூன்று வயது. பிணமாகத்தான் ஏற்றினார்கள்.

"மீனு உயிரோடதானே இருந்துச்சு, நான் இன்னா பண்றது?" என்றார் மேனேஜர்.

நான் வேலையை விடவில்லை. மீன்களை முன்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். மானம் கெட்டவன் என்று எங்கள் ஊர் மாதனூரில் என் காதுபடவே பேசினார்கள்.

போன வாரம் அதிகாரிகள் வருவதாக இருந்தது. நான்கு நாள் முன்பே தொட்டியிலிருந்து குளத்துக்கு வரும் குழாயில் சாக்கைத் திணித்துவிட்டு, குளத்தில் போர் தண்ணீரைத் திறந்துவிட்டேன். தொட்டி அடைத்துக்கொண்டது. வசந்த் போனதிலிருந்து யாரும் இறங்குவதில்லை.

"உள்ள இன்னா பேயா இருக்குது? நானே இறங்குறேன், நின்னு வேடிக்கை பாருங்க" என்றார் மேனேஜர். பிறகு என் பக்கம் திரும்பி, "தனகோடி, உன் தோஸ்துங்க எப்படி இருக்காங்க?"

"ஜாலியா நீந்துறாங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏழாவது படியில் அவர் கை நழுவியது.

அமீர் பாஷா அவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்குவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வசந்தோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்துபோனவன். ஒரு சத்தம் கொடுத்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். இருவரையும் பிணமாகத்தான் ஏற்றினார்கள்.

வசந்த் இறங்கிய அன்று குளத்தில் எந்தத் தண்ணீர் என்று கேட்கிறீர்கள். அதுவும் மார்கழிதான், ஐயா. மீன் சாகக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். போர் தண்ணீர்தான் விட்டிருந்தேன். அவன் மூடியைத் தூக்கிக்கொண்டே, "இன்னாப்பா, இறங்கலாமா?" என்று கேட்டான்.

"இறங்குடா, மீனு நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

ஆனால் அவனைக் கொன்றது கோதண்டபாணிதான். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.