வெள்ளை மணல் போட்ட வட்டை றோட்டு

ஓம், ஓம், றோட்டுத் திறப்பு நாடா எங்கயும் ஓடிப்போகாது, அந்தக் கத்தரிக்கோலக் கொஞ்சம் கீழ வையுங்க தலைவர் ஐயா! நன்றி சொல்லத்தானே என்னை மேடைக்குக் கூப்பிட்டீங்க? எதுக்கு நன்றியெண்டு சொல்லாம அத எப்பிடிச் சொல்லுற?

சபைக்கு அழகாய் நடுவில வீற்றிருக்கிற கிராமச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே! கோயில் காக்கிற வண்ணக்கர் அவர்களே! ஏறாவூரில இருந்து வந்திருக்கிற பள்ளிவாசல் மரைக்கார்மாரே! வெத்திலை வாயும் விரிஞ்ச மனசுமாய்க் குந்தியிருக்கிற என்ட தாய்மாரே! இந்த றோட்டைப் பெத்தெடுத்த ஓவசியர் நல்லரத்தினம் ஐயா அவர்களே! கண்ணகை அம்மன நெஞ்சில நினைச்சு, இந்தச் சீதேவிப்பிள்ளை உங்க எல்லாருக்கும் கும்பிடு போடுறன்.

செங்கலடிக்குப் போக நாம கடக்கிற இந்த வயல் வட்டையில கிடக்கிறது என்ன மண்ணு? கறுத்த மண்ணு! களிமண்ணு! கள்ள மண்ணு! கோடையில கல்லாய் இறுகி, காலு புகுற அளவுக்கு வெடிச்சு வாயப் பிளக்கும். மாரியில தண்ணியக் குடிச்சு ஊதி, கூழாய்க் குழைஞ்சு போகும். போன வருசம் ஓவசியர் ஐயா வந்தது எப்ப? ஆவணி வெயில்ல. காலால தட்டிப் பார்த்தார். "கருங்கல்லுப் போல இருக்கே! இதுக்குக் கிறவல் கல்லு எதுக்கு, மதகு எதுக்கு?" எண்டார். பிறகு செய்தாரே ஒரு வேலை! கலியாண வீட்டு வாசலுக்கு வாவிக்கரை வெள்ளை மணல் பரப்புவமே, அதே மணல றோட்டு முழுக்கப் பரப்பிப்போட்டார். அரிசிமாப் போல வெள்ளை! மாப்பிள்ளைதான் வரல்ல.

அந்தா, தூணோட சாஞ்சு சிரிக்கிறார் பாருங்க, ஏறாவூர்ப் புடவை வண்டிக் கச்சி முகம்மது காக்கா! அண்டைக்கு வண்டிய நிப்பாட்டி ஓவசியர் ஐயாட்டக் கேட்டவர்: "ஐயா, இதில செருப்போட ஏறலாமா?"

"தாராளமா வாங்க காக்கா, கண்ணாடி போல கிடக்கு!"

ஐப்பசி மழை ஒண்டு பெய்ஞ்சுது. வெடிப்பெல்லாம் மணல விழுங்கிற்று, களி மேல வந்திற்று, காக்காட வண்டி அச்சு வரைக்கும் இறங்கிற்று. "ஐயா, உங்கட கண்ணாடியில என்ட மாடு முகம் பாக்குது, வந்து தூக்கி விடுங்க!" எண்டு கத்தினார் மனுசன். தூக்க வந்த ஓவசியர் ஐயாட சப்பாத்து ஒண்டு இண்டைக்கும் அங்கதான் கிடக்கு. காணிக்கையா இருக்கட்டும், அம்மாள் ஏத்துக்கொள்ளட்டும்!

பந்தல் ஓலையில சடசடவெண்டு கேக்குதா? மழைதான். எழும்பாதீங்க, நான் முடிக்கல்ல. சிரிச்சதும் போதும்.

போன கார்த்திகையில இரத்தினம்மாவுக்கு வலி வந்துது. வண்டி போகல்ல, செங்கலடி ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோட தூக்கினம். பாதி வழியில, கொட்டுற மழைக்குள்ள, வயல் வரம்புலதான் பிள்ளை பிறந்துது. என்ன கா இலட்சுமிப்பிள்ளை, நீயும்தானே கட்டில் காலப் பிடிச்ச? சொல்லு கா! தாயும் பிள்ளையும் தப்பினது யார் புண்ணியம்? ஓவசியர் புண்ணியமா? அம்மாள் புண்ணியம்!

இப்ப புரட்டாதி. முன் வரிசையில வயித்தோட இருக்கிறாளே, என்ட தங்கச்சிட மகள் புஸ்பம், அவளுக்கும் கார்த்திகைதான். வருசா வருசம் அம்மாள வரம்புக்கு வா எண்டு கூப்பிடலாமா? அவவுக்கு வேற வேலை இல்லையா? இந்த வருசம் என்ன நடந்திருக்கு? அதே களி! அதே மணல்! புதுசா ஒரு நாடா! நாடா வண்டியத் தாங்குமா? பூமாலை மழையத் தடுக்குமா? களிய வெட்டி எடுங்க! றோட்ட மேடாக்குங்க! ரெண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டுங்க! மதகு வையுங்க! கிறவலக் கொட்டி இறுக்குங்க! அதுக்குப் பிறகு வெட்டுங்க நாடாவ, நானே கத்தரிக்கோலத் தட்டுல வைச்சுத் தாறன்!

என்ன ஓவசியர் ஐயா? "மாரி முடியட்டும் அம்மா, தையில பாப்பம்" எண்டா சொல்லுறீங்க? நல்லது. தை வரைக்கும் பொறுக்கச் சொல்லிப் புஸ்பத்திட வயித்துப் பிள்ளைக்கும் நீங்களே ஒரு கட்டளை போடுங்க!

பொறுமையாய்க் கேட்ட சபையோருக்கும், பொறுக்க ஏலாமக் கேட்ட ஓவசியர் ஐயாவுக்கும் நன்றி சொல்லி, அம்மாள் எல்லாரையும் காக்கட்டும் எண்டு கும்பிட்டு இறங்குறன். வணக்கம்.

அட, பொறுங்க தலைவர் ஐயா, இப்பதான் ஞாபகம் வருது. கிறவல் அவசரம் புஸ்பத்துக்கு மட்டுமில்ல. நீங்க வந்திறங்கேக்க "கண்ணாடி போல கிடக்கு, வாங்க" எண்டு டிறைவரக் கூப்பிட்டு, உங்கட காரப் புது மணலுக்கு மேலதான் ஓவசியர் ஐயா நிப்பாட்டுவிச்சவர்.