பின்சீட்டுக்கு எத்தனை கிலோ

ஜெயபிரகாஷ்: தூக்கு புள்ள... இன்னுங் கொஞ்சம். சக்கரம் மேல வந்தாத்தான் போல்ட்டு நேருக்கு நிக்கும்.

மஞ்சுளா: தூக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். ராத்திரி பூரா தறி ஓட்டிட்டு வந்த கை...

ஜெயபிரகாஷ்: ஆங், புடிச்சுக்கிச்சு. உடு, உடு.

மஞ்சுளா: பைக்கோட பழைய ஷாக் அப்சார்பருக்கு என்னங்க கேடு?

ஜெயபிரகாஷ்: எண்ணெய் கக்கிருச்சு. குழியில எறங்குனா இடுப்புல ஒதைக்குது. இது கேஸ் ஷாக்கு. ஜேடர்பாளையம் வரைக்கும் போனாலும் அலுங்காது.

மஞ்சுளா: போர் போடற ரிக்கு வண்டியோட நீங்க ஒடிசா, சட்டீஸ்கர்னு சுத்தறீங்க. வருசத்துல ரெண்டு மாசந்தான் ஊட்டுல. யாரு அலுங்காமப் போறதுக்கு இது?

ஜெயபிரகாஷ்: என்ற பொண்டாட்டிக்குத்தான்.

மஞ்சுளா: நம்பிட்டனுங்க.

ஜெயபிரகாஷ்: அட, இந்த ஷாக்கோட ஒட்டியிருக்கற கேஸ் டப்பா எங்க முட்டுது பாரு.

மஞ்சுளா: பேட்டரி மேலங்க.

ஜெயபிரகாஷ்: கருமம். பேட்டரிய எடம் மாத்தோணும்.

மஞ்சுளா: இன்னிக்கேவா? சோறு ஆறிப்போச்சு... சரி, நகருங்க. கறுப்பு வயரத்தான மொதல்ல கழட்டோணும்?

ஜெயபிரகாஷ்: அதெப்படித் தெரியும் உனக்கு?

மஞ்சுளா: யாரோ சொன்னாங்க... புடிங்க, கனமா இருக்குது.

ஜெயபிரகாஷ்: சீட்டுக்கடியில, வாலுப்பக்கம் எடங் கெடக்குது. தட்டு வெச்சு பெல்ட்டுப் போட்டு இறுக்கிரலாம். வயருதான் எட்டாது, ஒட்டுப் போடோணும்.

மஞ்சுளா: நீங்க குனியாதீங்க. நான் வெக்கறேன்.

ஜெயபிரகாஷ்: ஏன், எனக்கென்ன கேடு?

மஞ்சுளா: ஒண்ணுமில்லீங்க. காலைல இருந்து பெயிண்ட் டப்பா மேலயே உக்காந்திருக்கறீங்களேன்னு... ரிக்கு எப்பக் கெளம்புது?

ஜெயபிரகாஷ்: சொல்லி அனுப்புவாங்க.

மஞ்சுளா: உங்க கூட ரிக்குல வேலை செய்யற பெரியசாமியண்ணன் நேத்தே கெளம்பிட்டாருன்னு அவரு சம்சாரம் சொன்னாங்க.

ஜெயபிரகாஷ்: அது... வேற வண்டி.

மஞ்சுளா: ஓ. வேற வண்டிங்களா.

ஜெயபிரகாஷ்: டேப்ப நல்லாச் சுத்து. ம்... சாவியப் போடு.

மஞ்சுளா: லைட்டு எரியுதுங்க.

ஜெயபிரகாஷ்: அப்பாடா. இனி ஸ்பிரிங்க இறுக்கோணும். பின்னால உக்கார்ற ஆளு கனத்துக்குத் தக்கன. நீ எத்தனை கிலோ?

மஞ்சுளா: எழுவத்திரண்டுன்னு வெச்சு இறுக்குங்க.

ஜெயபிரகாஷ்: வெளையாடாத. நீ அம்பது இருந்தா எச்சு. எழுவத்திரண்டு நானு.

மஞ்சுளா: தெரிஞ்சுதானுங்க சொல்றேன்.

ஜெயபிரகாஷ்: என்னத்தத் தெரிஞ்சு?

மஞ்சுளா: முந்தாநாளு ஆட்டையாம்பட்டி கடைவீதியில உங்க வலதுகால் செருப்பு கழண்டு விழுந்துச்சு. அது தெரியாம பத்தடி நடந்தீங்க. பொறவு வாரு அறுந்துருச்சுன்னீங்க. வாரு நல்லாத்தான் இருக்குது. அந்தக் கால வெச்சுக்கிட்டு எப்படிங்க பிரேக்க மிதிப்பீங்க?

ஜெயபிரகாஷ்: முதுகெலும்புல நரம்பு நசுங்கிருச்சாம் புள்ள. இனி ரிக்குல ஏறவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மொதலாளியும் வேற ஆளப் போட்டுட்டாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு... இந்த வண்டியாச்சும் ஓட்டலாமுன்னுதான்...

மஞ்சுளா: அழுவாதீங்க. வியாழக்கிழமை சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்.

ஜெயபிரகாஷ்: பஸ்ஸுலயா? அவ்வளவு தூரம் நின்னுக்கிட்டு வர முடியாது மஞ்சு.

மஞ்சுளா: இதுலதானுங்க. கடைசியா நீங்க ஊருல இல்லாத நாலு மாசமும் தறிக்கு நான் இந்த வண்டியிலதான் போயிட்டு வந்தேன். வைவீங்கன்னு சொல்லல. நீங்க பின்னால உக்காருங்க.