சுபேதார் சாஹிப்பின் வெறுங்கால்

— அம்மா, உங்க வீட்டுக்காரர் பூட்ஸை ரூம்லயே மறந்துட்டு வந்துட்டார் பாருங்க.

— மறக்கல தம்பி.

— கால்ல ஒண்ணுமே இல்லையேம்மா.

— இல்லைதான். காங்கரியாவுல கிளம்பினதுலேருந்து நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன். நீ கழுதையை ஓட்டு.

— நான் வேணா ஓடிப்போய் எடுத்துட்டு வரட்டுமா? ஹேம்குண்ட் வரைக்கும் பாதை பூரா கல்லு. மேல போனா பனி. நடுவுல எங்க கழுதைங்க போட்டது வேற கிடக்கு பாருங்க.

— என்னைக் கேக்காதே. முன்னாடிதான போறார், அவரையே கேளு.

— சுபேதார் சாப்.

— தேவையில்லை.

— நான் இன்னும் கேக்கவே இல்லையே சாப்.

— நீ என்ன கேப்பேன்னு தெரியும். கீழேருந்து நாலு பேர் கேட்டாச்சு. தேவையில்லை. முடிஞ்சு போச்சு.

— சரி சாப்.

— உன் பேர் என்ன தம்பி?

— புஷ்கர், அம்மா. இவன் பேரு மாப்பிள்ளை.

— கழுதைக்கா அந்தப் பேரு?

— நாலு தடவை உபசாரம் பண்ணினாத்தான் ஒரு அடி எடுத்து வைப்பான். வெல்லம் குடுக்கணும், கழுத்தைத் தடவணும். அப்பவும் முகத்தைத் தூக்கி வச்சிருப்பான் பாருங்க.

— எங்க மாப்பிள்ளை அப்படி இல்லைப்பா. தங்கமான பையன். எங்க வீட்டுல முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறது மாமனார்.

— தலீப், வழியில போறவன்கிட்டயெல்லாம் வீட்டுக் கதை பேசாதே.

— வழியில போறவன்கிட்ட எங்க பேசினேன்? நம்ம புஷ்கர்கிட்டதான் பேசறேன்.

— வேண்டுதலாம்மா இது? போன மாசம் ஒரு சர்தார்ஜி பையனுக்கு வேலை கிடைச்சதுன்னு இப்படித்தான் வெறுங்காலோட வந்தார். இறங்கும்போது நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க.

— வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல குருத்வாரா வாசல்ல செருப்பு வாங்கி வைப்பாங்கல்ல, ஜோடா கர். அங்க இந்த வாரம் சேவை பண்றது சுல்தான்பூர் பக்கத்து ஆளுங்களாம். நேத்து லங்கர் பந்தியில பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவர் சொன்னார். அதுல எங்க சம்பந்தியும் ஒருத்தர்.

— நல்லதுதானேம்மா. தெரிஞ்சவங்க இருந்தா பூட்ஸ் தொலையாது.

— கேட்டுக்கோ. இவர் பூட்ஸைக் கழட்டி யார் கையில குடுக்கணும்? சம்பந்தி கையில. அவர் அதை வாங்கித் தூசி தட்டி, துணியால துடைச்சு வச்சுட்டு டோக்கன் குடுப்பார். பொண்ணைக் குடுத்தவனோட பூட்ஸைப் பையனைப் பெத்தவர் துடைக்கிறதா? எங்க பக்கம் அப்படி நடந்தா அப்புறம் சொந்தக்காரங்க முன்னால தலை நிமிர முடியாது.

— அங்க எல்லாரோடதையும் எல்லாரும் துடைக்கிறாங்களேம்மா. ஜட்ஜுங்க வந்து துடைக்கிறதை நானே பாத்திருக்கேன்.

— ஜட்ஜுக்கு நான் பொண்ணு குடுக்கல.

— காது நல்லாக் கேக்குது சாபுக்கு. அப்படின்னா பூட்ஸை வெளியிலயே ஒரு கல்லு ஓரமா வச்சுட்டுப் போகலாமே சாப்?

— திருடன் மாதிரி கல்லு ஓரமா ஒளிச்சு வைக்கவா முப்பது வருஷம் பட்டாளத்துல இருந்தேன்?

— பைக்குள்ள போட்டுக்கிட்டா?

— குரு கிரந்தம் இருக்கிற இடத்துக்குள்ள, பைக்குள்ள பூட்ஸோடவா?

— அதுவும் சரிதான்.

— எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்தாச்சு. போடாமலே போறதுதான் ஒரே வழி. முடிஞ்சு போச்சு.

— நல்ல வழி சாப். ஆறு கிலோமீட்டர்தான்.

— பாபாஜி, பாபாஜி, கொஞ்சம் நில்லுங்க. உங்க காலைத் தொட்டுக்கிறோம்.

— யார் நீங்க? எழுந்திருங்க.

— லூதியானாவுலேருந்து வர்றோம் பாபாஜி, அஞ்சு பேர். இந்தக் குளிர்ல, இந்த வயசுல, வெறுங்காலோட. எங்களுக்கு ரெண்டு சாக்ஸ் போட்டும் விறைக்குது.

— எழுந்திருன்னேன். இது பக்தி இல்லை.

— பாத்தியாடா, என்ன அடக்கம்.

— அடக்கமும் இல்லை. போய்க்கிட்டே இருங்க.

— அப்படியே ஆகட்டும் பாபாஜி. எங்களுக்காகவும் வேண்டிக்கோங்க.

— பதினொண்ணு.

— என்ன பதினொண்ணு, தலீப்?

— உங்க காலைத் தொட்டவங்க. இவங்களோட சேத்துப் பதினொண்ணு.

— எண்ணாதே.

— கழுதை மேல உக்காந்துக்கிட்டு எனக்கு வேற என்ன வேலை?

— அம்மா, கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. சம்பந்தி வீட்டோட என்ன மனஸ்தாபம்?

— டீ.

— டீயா?

— தலீப், அதெல்லாம் இவனுக்கு எதுக்கு?

— எதுக்கா? இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கே. கேட்டுக்கோ தம்பி. பேரனுக்கு ஒரு வயசு முடிஞ்சதுன்னு சம்பந்தி வீட்டுல கிரந்தம் வாசிக்க வச்சிருந்தாங்க. வாசிப்பு முடியிற அன்னிக்கு நாங்களும் போனோம். பொண்ணு குடுத்த வீட்டுல நாங்க பச்சத்தண்ணி தொடமாட்டோம். இவங்க அப்பா தொட்டதில்லை, தாத்தா தொட்டதில்லை. சம்பந்திக்கும் அது தெரியும். ஆனா அன்னிக்கு அவருக்கு என்ன ஆச்சோ, 'அதெல்லாம் அந்தக் காலம், ஒரு வாய் குடிங்க'ன்னு டீத் தம்ளரை இவர் கையில திணிச்சார். இவர் தள்ளினார். அவர் திணிச்சார். இவர் தள்ளினார்.

— டீ?

— இவர் மேல. வெள்ளைக் குர்த்தா. நாப்பது பேர் பாத்துக்கிட்டிருந்தாங்க.

— அய்யோ.

— இவர் நேரா உள்ள போனார், தூங்கிக்கிட்டிருந்த பேரனைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டார், வெளிய வந்து வண்டியில ஏறிட்டார். குழந்தை போனா தாய் என்ன பண்ணுவா? எங்க ரஸ்பிந்தரும் பின்னாலயே ஏறிட்டா. பதினாலு மாசம் ஆச்சு. ரெண்டு பேரும் எங்க வீட்டுலதான் இருக்காங்க.

— மாப்பிள்ளை வந்து கூப்பிடலையா?

— ஆறு தடவை வந்தார். அவளுக்கும் போகணும்னுதான் இருக்கு, துணியைக்கூட மடிச்சுப் பெட்டியிலதான் வச்சிருக்கா. ஆனா அவளும் இவர் பெத்த பொண்ணுதான? 'கூட்டிட்டு வந்தது அப்பா, போன்னு அப்பா வாயால வரட்டும், போறேன்'ங்கிறா. ஒரே ஒரு வார்த்தை. அதை இவர் வாயிலேருந்து வாங்கணும்னுதான் இந்த மலைக்கே கூட்டிட்டு வந்தேன். குரு முன்னால உக்காந்தாலாவது மனசு இறங்குமான்னு.

— எனக்கு அது தெரியாதுன்னு நினைச்சியா, தலீப்?

— தெரியும்னு தெரியும். தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?

— என் முட்டி எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு.

— பாத்தியா புஷ்கர். இவர்கிட்டதான் ஒரு வார்த்தை வாங்கணும்.

— சுபேதார் சாப், கொஞ்சம் நில்லுங்க. இதுக்கு மேல பனி. இந்தத் திட்டைத் தாண்டினாத்தான் கல்பாதை. என் சாக்ஸாவது போட்டுக்கோங்க, ஒரே ஒரு ஓட்டைதான்.

— சாக்ஸ் போட்டா மேல போய்க் கழட்டணும். கழட்டினா ஒருத்தர் கையில குடுக்கணும்.

— எங்க கழுதையே லாடம் போட்டுக்கிட்டுத்தான் வருது சாப்.

— அதுக்குச் சம்பந்தி இல்லை.

— சரி, கையைப் பிடிச்சுக்கோங்க. மெதுவா. கால்ல உணர்ச்சி இருக்கா?

— இருக்கும். நடந்துக்கிட்டுத்தான இருக்கு.

— ஏங்க, பனி மேல சிவப்பா தெரியுது. ரத்தம் வருதுங்க.

— வரட்டும். பின்னால வர்றவனுக்கு வழி தெரியும்.

— கழுதை மேல நீங்க உக்காருங்க. நான் நடக்கிறேன்.

— எழுபத்திரெண்டு வயசுல பொண்டாட்டியை நடக்க விட்டுட்டு மாப்பிள்ளை மேல உக்காந்து வந்தான்னு ஊர்ல பேசணுமா?

— ஊர் இங்க எங்க இருக்கு?

— சுல்தான்பூர்ப் பாதி மேலதான் இருக்கு. நீ சொன்னதுதான்.

— அம்மா, மேல பாருங்க, கொடி தெரியுது. இதுக்கு மேல படிதான், மாப்பிள்ளை வரமாட்டான். இறங்கிக்கோங்க. நான் இங்கயே இவனைக் கட்டிப் போட்டுட்டு இருக்கேன். ரெண்டு மணிக்கு மேல அங்க யாரையும் இருக்க விடமாட்டாங்க, ஏரியில முங்கிட்டு சீக்கிரம் வந்துடுங்க. சாப், நீங்க முங்க வேணாம். உங்களுக்கு முங்கின மாதிரிதான்.

— புஷ்கர்.

— சொல்லுங்க சாப்.

— நீ நல்ல பையன். ரொம்பப் பேசறே.

— வாங்க பாபாஜி, வாங்க மாதாஜி. நான் இங்க வாசல் சேவை. ஜோடா கர் வலது பக்கம், காலணியை அங்க குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கோங்க.

— எங்கிட்ட காலணி இல்லை.

— இல்லையா?

— இல்லை. பாத்தியா தலீப்? முடிஞ்சு போச்சு. நேரா உள்ள போகலாம்.

— பாபாஜி, உங்க கால்ல ரத்தம் வருதே. இதோட உள்ள விரிப்பு மேல போகக் கூடாது. வெறுங்காலோட வர்றவங்களுக்கு இடது பக்கம் வெந்நீர் வச்சிருக்கோம். கழுவி, மருந்து போட்டு, துணி கட்டி விடுவாங்க.

— தம்பி, ஒண்ணு கேக்கணும். சுல்தான்பூர்க்காரர், குர்தித் சிங்னு ஒருத்தர். ஜோடா கர்ல இருக்காராமே.

— குர்தித் பாபாஜியா மாதாஜி? நேத்து வரைக்கும் அங்கதான் இருந்தார். முட்டி வலி, நிக்க முடியல. உக்காந்து செய்யற வேலையா மாத்திக் குடுத்துட்டோம்.

— என்ன வேலை?

— வெந்நீர்.

— கேட்டீங்களா?

— கேட்டேன்.

— அடுத்தவங்க வாங்க. பாபாஜி, இந்தப் பலகையில உக்காந்து காலைத் தொட்டியில வைங்க. என்ன காலு இது, இப்படியா கிழிச்சுக்கிட்டு. அட.

— சத் ஸ்ரீ அகால், சம்பந்தி.

— சத் ஸ்ரீ அகால், சம்பந்தியம்மா. சுபேதார் சாஹிப், உக்காருங்க.

— நிக்கிறேன்.

— நின்னுக்கிட்டுக் காலைத் தொட்டியில வைக்க முடியாதே.

— வேற ஆளைக் கூப்பிடுங்க. என் காலை நீங்க தொடக்கூடாது. நான் பொண்ணைக் குடுத்தவன்.

— மத்தவங்க எல்லாம் ஜோடா கர்ல இருக்காங்க. நீங்க ஒரு ஜோடு போட்டுட்டு வந்திருந்தா அவங்ககிட்ட போயிருக்கலாம்.

— இதைக் கேக்கத்தான் ஆறு கிலோமீட்டர் ரத்தம் சிந்தி வந்தார், சம்பந்தி.

— தலீப்.

— பொண்ணு குடுத்தது, எடுத்தது எல்லாம் கீழ, சுபேதார் சாஹிப். இங்க நான் வெந்நீர்க்காரன். அர்தாஸ் பிரார்த்தனை ஆரம்பிக்கப் போகுது, உங்களுக்குப் பின்னால நாலு பேர் நிக்கிறாங்க. உக்காருங்க. ஆங், அப்படி. சூடு தாங்குதா?

— தெரியல.

— கொஞ்ச நேரம் வச்சிருங்க, தெரியும். சம்பந்தியம்மா, ரஸ்பிந்தர் எப்படி இருக்கா? பேரன் பேசறானா?

— நாள் பூரா பேசறான். அப்பாவைத் தவிர எல்லாரையும் அப்பாங்கிறான்.

— சரி. சுபேதார் சாஹிப், நானும் ஒண்ணு சொல்லிடறேன். அந்த டீயை நான் திணிச்சிருக்கக் கூடாது. உங்க வழக்கம் தெரிஞ்சும் பண்ணேன். சந்தோஷத்துல புத்தி கெட்டுப் போச்சு. தப்பு என்னுது.

— டீயில ஒண்ணும் இல்லை.

— என்னங்க சொல்றீங்க? பதினாலு மாசமா டீ டீன்னு.

— நீதான் டீன்னே. நான் எப்பவாவது சொன்னேனா? கொஞ்சம் சும்மா இரு தலீப். இதை ஒரு தடவைதான் என்னால சொல்ல முடியும்.

— சொல்லுங்க, சுபேதார் சாஹிப். அந்தக் காலையும் குடுங்க.

— அன்னிக்குப் பேரனைத் தூக்க உள்ள போனேன். கிரந்தம் வாசிச்ச அறையில, ஓரமாத்தான் அவனைத் தூங்க வச்சிருந்தாங்க. வாசிச்சவங்க எல்லாரும் முற்றத்துல சாப்பாட்டுல இருந்தாங்க. நான் கோவத்துல பூட்ஸோட உள்ள போயிட்டேன். குரு கிரந்த சாஹிப் முன்னால. குழந்தையைத் தூக்கிட்டுத் திரும்பறேன், வெள்ளை விரிப்பு மேல என் பூட்ஸ் தடம். வாசல்ல நீங்க நிக்கிறீங்க.

— அய்யோ, என்னங்க இது.

— ஒருத்தன் ஷூவோட குருத்வாராவுக்குள்ள வந்தான்னு எங்க அப்பா அவன் கல்யாணத்துக்கே போகல, தலீப். அவர் பையன் நான். சம்பந்தி ஊரைக் கூட்டிச் சொல்லுவார், நானும் பதிலுக்குச் சண்டை போடலாம்னு காத்திருந்தேன். ஒரு மாசம், ரெண்டு மாசம். இவர் மூச்சு விடல. பாத்துட்டுச் சொல்லாம இருக்கிறவர் வீட்டுக்கு எந்த முகத்தோட பொண்ணைக் கொண்டு போய் விடுவேன்?

— அப்படின்னா ஜோடா கர் கதை?

— அதுவும் நிஜம்தான். ரெண்டுக்கும் இந்த ஒரே கால்தான இருக்கு. தப்பு பண்ணது இது, நடந்து வரட்டும்னு விட்டேன்.

— என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.

— புஷ்கர்கிட்ட சொல்லியிருப்பே. சம்பந்தி, வர்ற ஞாயித்துக்கிழமை ரஸ்பிந்தரையும் பேரனையும் நானே கூட்டிட்டு வர்றேன். அவகிட்ட போன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வருவேன். உங்க ஊர் குருத்வாராவுல எந்தத் தண்டனை சொன்னாலும் நின்னு வாங்கிக்கிறேன். இது போதுமா தலீப்?

— போதும்.

— ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. என் பூட்ஸைப் பாத்துட்டும் அன்னிக்கு ஏன் ஒரு வார்த்தை பேசல? இத்தனை நாள் யார்கிட்டயும் ஏன் சொல்லல?

— சொல்றதுக்கு என்ன இருக்கு, சுபேதார் சாஹிப்? நான் உங்க காலைப் பாக்கவே இல்லையே. உங்க தோள்ல பேரன் அழுதுக்கிட்டே போனான், அவனைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.