காந்த மெஷின் பக்கத்தில் வைத்த பெட்டி

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் ஒரு நாள், சிம்பாங் அம்பாட்டிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸைச் சோதனைக்காக வழியில் நிறுத்தியிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த போராளிகளுக்குப் போகிறதா என்று சிப்பாய்கள் பைகளில் அரிசி தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் மடியில் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்த இளைஞர், பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது.

“காந்தத்துக்கிட்ட போனா இதுக்குப் புத்தி தடுமாறிடும்க்கா.”

“பெட்டிக்கா? உள்ள என்ன தம்பி இருக்கு?”

“வாயு அடைச்ச குழாய். மண்ணுலேருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வந்து பட்டா ‘டிக்’குனு சத்தம் போடும். நேத்து சிம்பாங் அம்பாட்டுல ஈயம் தோண்டி எடுக்கிற லம்பத்துல, மண்ணைப் பிரிக்கிற காந்த மெஷின் பக்கத்துல வெச்சேன். ஒரு நேரம் படபடன்னு அடிக்குது, ஒரு நேரம் ஊமையாயிடுது.”

“காந்தம் குழாய்க்குள்ளயும் போவுமா?”

“போவும்லா. வாயுவுக்குள்ள ஓடுற மின்துகளை வளைச்சு விட்டுடும்.”

“அப்ப எதைத்தான் நம்புனீங்க?”

“ரெண்டையும் நம்பல. மெஷினை நிறுத்தச் சொல்லிட்டுத் திரும்ப வெச்சேன். ஒரே சீரா அடிச்சுச்சு, விடாம அடிச்சுச்சு.”

“சீரா அடிச்சா நல்லதுதானே?”

“பெட்டிக்கு நல்லது. அவ்வளவு கதிர் வர்ற அந்த மண்ணுல நாள் முழுக்க நிக்கிறவங்க உடம்புக்கு நல்லதில்லக்கா. லம்பத்துத் துரைகிட்ட அதைச் சொல்லத்தான் போறேன்.”



“என் வீட்டுக்காரர் அந்த மெஷின்லதான் தம்பி நிக்கிறாரு” என்றாள் அந்தப் பெண்.

சோதனை முடிந்து டிரைவர் ஏறினார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சாலையைக் கடந்து, வந்த வழியே திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றாள்.