‘பதிவாகிவிட்டது’ என்று சொன்ன திரை

இந்த அவைக்கும், எங்கள் மருத்துவமனையின் சிறுநீரகப் பட்டியல் குழுவுக்கும் தலைமை தாங்கும் டாக்டர் நிமியா அம்மையார் அவர்களே! அசுன்சியோன் நகரின் தரவுதளங்களை முப்பது ஆண்டுகள் காத்துக் கண் சிவந்த மூத்தோரே! கைபேசி அலறினால் அடுப்பை அணைத்துவிட்டுச் சர்வரிடம் ஓடும் தாய்மார்களே! தெர்லிஸ் கன்யேத்தே என்னும் நான் தலைதாழ்ந்து வணங்குகிறேன்.

‘நிற்காத சர்வர்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறீர்கள். அது நிற்கவில்லை, உண்மை. நிற்காமல் ஓடியது எதைத் தொலைத்துவிட்டு ஓடியது என்று யாராவது கேட்டீர்களா?

எங்களிடம் இரண்டு சர்வர்கள். முதன்மையில் எழுதுவது துணையிலும் எழுதப்பட்ட பிறகே திரையில் ‘பதிவாகிவிட்டது’ என்று வரும். முதலில் அப்படித்தான் அமைத்தேன். கவுண்ட்டரில் கேலி செய்தார்கள்.

“தெர்லிஸ், ஒரு பேரு ஏத்துறதுக்குள்ள ஒரு குவளை தெரெரே குடிச்சு முடிச்சிடலாம்பா!”

எனக்கு ரோஷம். துணைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று ஒரே ஒரு வரியை மாற்றினேன். திரை பறந்தது. பாராட்டு குவிந்தது. அங்கே பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். நீங்களும் அந்த வரியை மாற்றியவர்கள்தான், தெரியும்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து முப்பத்தாறு. முதன்மையின் ஹார்ட் டிஸ்க் செத்தது. முப்பத்தெட்டு வினாடியில் துணை பொறுப்பேற்றது. நாங்கள் குளிர்ந்த இலைத்தேநீரான தெரெரேவை ஒரே குவளையில் கைமாற்றியபடி வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் எழவில்லை. எழத் தேவையில்லை என்பதே எங்கள் பெருமை! ‘இழப்பு ஏதுமில்லை’ என்று அறிக்கை எழுதினேன். பார்த்தா எழுதினேன்? பார்க்காமல் எழுதினேன்.

துணை ஒன்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. அந்த ஒன்பது நிமிடத்துக்குள் ஒரு மனிதர் இருந்தார்.

கிரெசென்சியோ, வில்லாரிக்காவின் சர்க்கரை ஆலைத் தொழிலாளி. நான்கு ஆண்டுகள் காத்திருந்து பட்டியலில் முதல் பெயராக வந்தவர். அன்று ஒரு சிறுநீரகம் கிடைத்தது. செவிலியர் பிளாசிதா பத்து முப்பத்தொன்றுக்கு அவரை அழைத்தார். “கிளம்பிட்டேன்” என்றார் அவர். பிளாசிதா அதைப் பதிந்துவிட்டு வார்டுக்குப் போனார். அந்தப் பதிவு துணைக்கு வந்து சேரவேயில்லை. நண்பகலில் குழு பார்த்தபோது ‘பதிலில்லை’ என்றிருந்தது. சிறுநீரகம் அடுத்தவருக்குப் போனது. விதிப்படி, கிரெசென்சியோ பட்டியலின் கடைசிக்குப் போனார்.

மூன்று மணிக்குப் பையோடு கவுண்ட்டரில் வந்து நின்றார். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“கூப்பிட்டோமே ஐயா, நீங்க எடுக்கலையே?”

“எடுத்தேனே தாயி! இந்தா, பஸ் டிக்கெட். எடுக்காதவன் எதுக்கு இங்க வந்து நிக்கிறேன்?”

பிளாசிதா என்னிடம் ஓடி வந்தார். “தம்பி, நான் ஏத்தினேன். பதிவாகிவிட்டதுன்னு திரையில வந்துச்சு. சத்தியமா வந்துச்சு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பொத்தான அமுக்க மறந்திருப்பீங்க அக்கா.”

அன்று மாலையே சர்வரின் லாக்கை, அது தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஒன்பது நிமிடமும் கண்முன்னே கிடந்தது. வாய் திறந்தேனா? அறிக்கையைத் திருத்தினேனா? அந்த அக்காவின் முகத்தையாவது நிமிர்ந்து பார்த்தேனா? ஏழு மாதம், அவையோரே, ஏழு மாதம்! பிளாசிதாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. எனக்கு மேடை வந்தது.

“போதும்பா, உக்காரு” என்கிறீர்களா, அன்று என்னோடு அந்த வட்டத்தில் இருந்த எவெலியோ அண்ணே? இதுவரை உட்கார்ந்துதான் இருந்தேன்.

சென்ற வாரம் டயாலிசிஸ் நாற்காலியில் கிரெசென்சியோவைக் கண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை.

“என்கிட்ட அழுது என்னய்யா ஆகப்போகுது? போனை எடுத்தேன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

சொல்ல வந்திருக்கிறேன். அம்மையார் அவர்களே, இது நான் கையெழுத்திட்ட வாக்குமூலம், லாக்கும் இணைத்திருக்கிறேன். அவர் பதில் சொன்னார். பிளாசிதா பதிந்தார். தொலைத்தவனும் மறைத்தவனும் நான். திங்களன்று குழு கூடும்போது அவரை முதல் இடத்தில் வையுங்கள். என்னை எங்கே வைப்பது என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். கைதட்ட வேண்டாம். கொஞ்சம் வழிவிடுங்கள், இந்தத் தாளைத் தலைவரின் கையில் கொடுக்க வேண்டும்.